திரும்பி வந்த காவடி

தைப்பூசம் முடிந்த வாரமே, நாங்கள் விற்ற காவடி பெட்டியோடு திரும்பி வந்துவிட்டது. பிரித்ததும் விபூதி வாசம். தோள் மெத்தையில் சந்தனமும் வியர்வையும் காய்ந்து கிடந்தன. மயிலிறகில் பாதி ஒடிந்திருந்தது. திருப்பி அனுப்பிய காரணம், 'அளவு சரியில்லை' என்று போட்டிருந்தான் வாங்கிய மகாராசன். அளவு சரியில்லாத காவடியைச் சுமந்துகொண்டுதான் பத்துமலைப் படி ஏறினானா?

பத்தாங் பெர்ஜுந்தாயில் வீட்டுக்குப் பின்னால் எங்கள் பட்டறை. என் வீட்டுக்காரர் அழகேசன் அலுமினியம் வளைப்பார். நான் இறகு கட்டி மெத்தை தைப்பேன். மகள் விஷாலினி போனிலே கடை திறந்த பிறகுதான் ஜொகூர் வரைக்கும் எங்கள் காவடி போனது. அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

"ரிட்டர்ன் வந்தா சரின்னு அமுக்கி, காசத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆகணும்மா. சண்டை போட்டா ஸ்டார் குறைஞ்சிரும். அப்புறம் பங்குனி உத்திரத்துக்கு ஒரு ஆர்டரும் வராதுலா," என்றாள் விஷாலினி.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஆர்டரில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ரவாங்கில் இருக்கிறானாம், பேர் பவனேஷ்.

"ஏன் தம்பி, சாமிக்குச் சுமந்த காவடிய திருப்பி அனுப்புறியே, உனக்கே நல்லாருக்கா?"

"வேண்டுதல் முடிஞ்சிருச்சுக்கா. வீடும் சின்னது, வைக்க எடமில்ல. எல்லாரும் செய்றதுதானே லா."

கொஞ்சம்கூட வெட்கமில்லை. சாமியையும் ஏமாற்றி எங்களையும் ஏமாற்றி, ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"யாருக்குடா வேண்டிக்கிட்ட?"

"என் மகளுக்குக்கா. இருதயத்துல ஆபரேஷன். இப்ப நல்லாருக்கா."

நாக்கு நுனிவரை வந்த சாபத்தை விழுங்கினேன். அந்தப் பிள்ளைமேல் பட்டுவிடுமே. இவன் செய்த ஈனத்தனத்துக்கு நான் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறதே! போனை வைத்தேன்.

திரும்பிப் பார்த்தால், அழகேசன் ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். விஷாலினி போனை நீட்டிப் படம் பிடிக்கிறாள்.

"மெத்தையையும் இறகையும் மட்டும் மாத்திக் குடும்மா. புதுசுன்னே போட்டுரலாம். யாருக்குத் தெரியும்?"

"இத வாங்கப்போறவன் எந்தப் புள்ளைக்கு வேண்டியிருப்பான்? அத சொல்லுடி மொதல்ல!"

தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். துடைத்த கை நின்றது. விஷாலினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படத்தை அழித்தாள்.

"அந்த ரிட்டர்னையும் முடியாதுன்னு அமுக்கு."

"கடையே போயிரும்மா."

"போகட்டும். அமுக்கு."