வால் உள்ள பயம்

என் அண்ணன் மேஸ்திரி. கட்டடங்களுக்கு அடியில் தரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவிக் காயவைத்து, உள்சுவரில் நீர் கசியாத பெயிண்ட் அடித்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அண்ணனுக்குப் பெருமை இரண்டு. ஒன்று அவருடைய மீசை. மற்றது, பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஆள் என்று தன்னைப் பற்றி அவரே கிளப்பிவிட்ட வதந்தி.

மனிதர்கள் எதற்கெல்லாம் பயப்படுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. எங்களை வேலைக்குக் கூப்பிட்ட கட்டட மேனேஜருக்கு ஊசியைக் கண்டால் கண் இருட்டும். அதே மனிதர் பைக்கை ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு மறுகையில் போன் பேசுவார். அண்ணி கரப்பான் பூச்சியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நின்று கத்துவார். ஆனால் விரிசல் விட்ட கேஸ் குழாயில் துணியைச் சுற்றி மாதக்கணக்காகச் சமைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரிந்து எந்தக் கரப்பானும் வீட்டைக் கொளுத்தியதில்லை. கால் முளைத்து ஓடி வருவதற்கு மட்டும்தான் நம் ஆட்கள் பயப்படுவார்கள். காலில்லாமல் வந்து ஆளைச் சாய்ப்பதை விருந்தாளி போல உள்ளே விடுவார்கள்.

நாங்கள் அடிக்கும் பெயிண்ட் அந்த ரகம். மூடிய தொட்டிக்குள் அதன் வாடை நிரம்பினால் முதலில் தலை லேசாகும், பிறகு காரணமில்லாமல் சிரிப்பு வரும், அதற்குப் பிறகு எதுவும் வராது. எங்கள் கூட்டத்தில் இதற்கு "ஓசித் தண்ணி" என்று பெயர். தலை சுற்றினால், காசு கொடுக்காமல் போதை கிடைத்தது என்று சந்தோஷப்படுகிற அறிவாளிகள் நாங்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்தது காலம் போன காலத்தில். அதுவரை டின்மேல் இருந்த மண்டையோட்டைக் கம்பெனிச் சின்னம் என்றுதான் நினைத்திருந்தேன்.

காற்றை உள்ளே ஊதித் தள்ளும் ப்ளோயர் என்று ஒரு மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. அண்ணன் அதைத் தொட மாட்டார். அவருடைய வழி வேறு. இறங்குகிற ஆளின் இடுப்பில் கயிறு கட்டுவோம். அவன் வேலை முடியும்வரை வாய்விட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே நிற்பவன் காது கொடுத்திருப்பான். பாட்டு நின்றால் கயிற்றை இழுக்க வேண்டும். இதை அண்ணன் தானே கண்டுபிடித்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். பாட்டு நிற்கிறபோது ஆளும் பாதி போயிருப்பானே என்று கேட்டால், "அதான் மீதிப் பாதிய இழுக்கறோமேடா" என்பார்.

அன்றைக்கு இறங்க வேண்டியது மாப்பிள்ளையின் முறை. மாப்பிள்ளை என்றால் அண்ணன் மகளைக் கட்டியவர். இருந்த வேலை போய்விட்டதால் எங்களோடு சேர்ந்திருந்தார். மூடிய இடம் அவருக்கு ஆகாது. லிஃப்டில் ஏற மாட்டார். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டார். உள்ளே ஆள் இருப்பது தெரிவதற்காகப் பாடிக்கொண்டே குளிப்பார். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அண்ணன், "தொட்டிக்குன்னே பொறந்த தொண்டைடா" என்று அவரைக் கூட்டத்தில் சேர்த்தார்.

தொட்டியின் வாய் ஓர் ஆள் நுழையும் அளவுச் சதுரம். மாப்பிள்ளை அதன் ஓரத்தில் உட்கார்ந்து கால்களை ஏணியில் வைத்தார். உடனே வெளியே எடுத்துக்கொண்டார்.

"ப்ளோயர் கொண்டு வாங்க மாமா, எறங்கறேன். அது இல்லாம முடியாது."

"ஏன், உள்ள புழுங்குமா? விசிறி விடறதுக்கு ஆள் வைக்கவா?" என்றார் அண்ணன்.

"எனக்கு இப்பவே மூச்சு முட்டுது. அந்த வாடையும் சேர்ந்தா எது பயம், எது மயக்கம்னு எனக்கே தெரியாது மாமா. செத்துடுவேன்."

அதுவரை அவரைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தப் பேச்சில் இருந்த நியாயம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை வருடமாக இறங்கி ஏறியும் எங்களில் ஒருவனுக்கும் இப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

"ப்ளோயர எடுத்துட்டு வந்தா மத்த மேஸ்திரிங்க என்ன சொல்லுவானுங்க? தொட்டிக்குள்ள காத்து ஊதி ஆள எறக்கறான்னு சிரிப்பானுங்க." அண்ணன் குரல் ஏறியது. "இன்னிக்கு நீ எறங்கல, நாளையிலேருந்து வேலைக்கு வராத. என் பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன், உம் புருஷன் குளிக்க மட்டும்தான் லாயக்குன்னு."

அப்போது மேனேஜர் மூக்கில் கைக்குட்டையோடு வந்து சேர்ந்தார். பார்க்க ஆள் வந்தால் அண்ணனுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும். "எப்படி எறங்கறதுன்னு காட்டறேன் பாரு" என்று கயிற்றைத் தானே கட்டிக்கொண்டு, ப்ரஷ்ஷும் டின்னுமாக இறங்கினார்.

பழைய காதல் பாட்டு ஒன்று தொட்டிக்குள் முழங்க ஆரம்பித்தது. அண்ணன் குரல் வெளியில் கேட்டால் சகிக்காது. தொட்டிக்குள் இன்னும் மோசம். மேனேஜர், "சாருக்கு நல்ல வாய்ஸ்" என்றார். ஊசிக்குப் பயப்படுகிறவருக்குப் பொய் சொல்ல மட்டும் பயமில்லை.

இரண்டாவது வரியில் பாட்டு பட்டென்று நின்றது.

மாப்பிள்ளைதான் முதலில் பாய்ந்தார். கயிற்றை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். நானும் பிடித்தேன். மேனேஜர் எங்களைச் சுற்றி ஓடி, "ஐயோ ஐயோ" என்று தன் பங்கைச் செய்தார். நாங்கள் இழுத்தது பாதி, அண்ணன் ஏணியில் தாவி ஏறியது பாதி. மயங்கிய ஆள் இவ்வளவு வேகமாக ஏறுவானா என்று அப்போதே எனக்கு உறுத்தியது. தொந்தி தொட்டி வாயில் சிக்கி, சட்டை கிழிந்து, ஒரு வழியாக வெளியே வந்து விழுந்தார். முகத்தில் ரத்தமில்லை. மீசை நடுங்கியது.

"கேஸா சார்? கேஸ் அடிச்சிருச்சா?" என்று மேனேஜர் கத்தினார்.

அண்ணன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா... கேஸ்தான். பயங்கரமான கேஸ்" என்றார். மேனேஜர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

கேஸின் வால் அண்ணன் சட்டைக் கையில், ஈரப் பெயிண்டில் ஒட்டித் துள்ளிக்கொண்டிருந்தது. வாலுக்குச் சொந்தக்காரப் பல்லி தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு தொட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. நான் அந்த வாலை எடுத்துக் காலித் தீப்பெட்டிக்குள் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை பார்க்கவில்லை. பாவம், மாமனாரின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் குடித்ததும் அண்ணனுக்கு மீசை நேரானது. மேனேஜர் யாருக்கோ போன் பேசப் போனதும், அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சைக் கேளுங்கள்.

"எனக்கு வயசாயிடுச்சு, கேஸ் தாங்கல. நீ சின்ன வயசு மாப்ள, உனக்கு ஒண்ணும் செய்யாது. எறங்கு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "சின்ன மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்றார்.  அதைச் சொல்லும்போதே கை இடுப்பில் கயிற்றைக் கட்ட ஆரம்பித்திருந்தது. சாவதை விட மாமனாரின் ஏளனத்துக்கு அதிகம் பயந்துவிட்டார் என்று புரிந்தது. இந்த ஒரு விஷயத்தில் மாமனுக்கும் மருமகனுக்கும் வித்தியாசமே இல்லை.

நான் அண்ணன் பக்கத்தில் போய்க் குந்தினேன். தீப்பெட்டியைப் பாதி திறந்து காட்டினேன். வால் இன்னும் ஒருமுறை சொடுக்கியது. அண்ணன் உட்கார்ந்த நிலையிலேயே பின்னால் நகர்ந்தார்.

"மூடுடா அத!"

"மூடறேன் அண்ணே. மேனேஜர்கிட்ட காட்டிட்டு மூடறேன். கேஸுக்கு வால் இருக்கும்னு அவரு பார்த்திருக்க மாட்டாரு."

"உனக்கு என்னடா வேணும்?"

"ப்ளோயர்."

"அதுக்கு எல்லாவனும் சிரிப்பானுங்கடா."

"இதுக்கும்தான் சிரிப்பானுங்க. எதுக்குச் சிரிக்கணும்னு நீயே சொல்லு."

அண்ணன் போனை எடுத்தார்.

ப்ளோயர் வந்து, அதன் தடித்த குழாய் தொட்டிக்குள் இறங்கியது. காற்று நன்றாக ஓடும்வரை யாரும் இறங்கவில்லை. பிறகு மாப்பிள்ளை இறங்கினார். பயம் போகவில்லை.  அடிக்கடி மேலே வந்து முகத்தைக் காட்டிவிட்டு மறுபடி இறங்கினார். மெஷின் போட்ட சத்தத்தில் பாட்டுக் கேட்காததால், நான் மேலிருந்து கயிற்றைச் சுண்டுவேன், அவர் கீழிருந்து பதிலுக்குச் சுண்டுவார். அண்ணனோ மேனேஜரிடம், "என் ஆளுங்க உசுரு எனக்கு முக்கியம் சார். ப்ளோயர் இல்லாம ஒருத்தன எறக்க மாட்டேன். அது என் கொள்கை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜர் உருகிப் போனார்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அதைத் தூக்கிப் போட்டுட்டல்ல?"

"எத?"

"அதாண்டா."

"பத்திரமா இருக்கு அண்ணே" என்று சட்டைப் பையைத் தட்டினேன். "அடுத்த தொட்டிக்கும் ப்ளோயர் வேணுமே."

அண்ணன் என் பையைப் பார்த்தார். வண்டியில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும், பின்னால் போய்ப் பெயிண்ட் டின்களுக்கு நடுவில், மூடி சரியாக மூடாமல் வாடை கசிந்த ஒன்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.