அரிவாள் மூக்கு

ஊருக்கு நட்டநடுவில், முப்பது மாடி உயரத்தில், முன்பின் தெரியாத ஒரு பறவை வந்து உட்கார்ந்து உங்கள் முகத்தையே பார்த்ததுண்டா? எனக்கு அது நடந்தது. நான் கிரேன் ஓட்டுகிறவன். காலையில் ஏணியில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவேன். கண்ணாடிக் கூண்டு, ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, தண்ணீர் பாட்டில், கீழே பேசுவதற்கு ஒரு வாக்கி-டாக்கி. சுற்றிலும் ஆபீஸ் கட்டடங்கள். கீழே சாமான் கட்டுகிற இடம் மேலிருந்து என் பார்வைக்குப் படாது. அங்கே நின்று சிக்னல் கொடுப்பவர்தான் எனக்குக் கண். அந்தக் கண் என் மச்சான், அக்காவின் புருஷன்.

அக்கா போன வருடம் போய்விட்டாள். சொந்த ஊரிலிருந்து போன் வந்தது, காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார்கள், அடுத்த போன் வேறு மாதிரி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் இங்கே லீவு கேட்டு நின்றுகொண்டிருக்கும்போதே அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து மச்சான் அவளைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரே அறை, மேல் கட்டிலில் நான், கீழ்க் கட்டிலில் அவர். உப்பு போதுமா என்பார். லைட்டை அணைக்கட்டுமா என்பார். நான் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோனால் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார், ஏற்கெனவே குளித்திருந்தாலும். இத்தனை லட்சம் சனம் இருக்கிற ஊரில் அவள் எப்படிச் சிரிப்பாள் என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். அவரும் பேசாவிட்டால் அவள் எனக்கு மறந்தே போய்விடுவாள் என்று பயமாக இருந்தது. அவள் குரல் ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தது.

அன்று காலையில் வானத்தில் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் போயின. எங்கிருந்தோ குளிருக்குத் தப்பி வருகிறவை. அதில் ஒன்று மட்டும் விழுவதுபோல் இறங்கி, கிரேனின் நீளக் கையில், என் கூண்டுக்கு நேரே உட்கார்ந்தது. கோழி அளவு. உடம்பெல்லாம் தவிட்டு நிறம், அதில் கோடுகோடாக. அலகு மட்டும் கீழ்நோக்கி வளைந்து, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலை மடக்கப் பார்த்தது, காற்று தள்ளியது, மறுபடி இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டது.

"மாப்ள, கம்பி மாட்டியாச்சு. தூக்கு."

"கொஞ்சம் இருங்க மச்சான். கை மேல ஒரு பறவ ஒக்காந்திருக்கு. திருப்புனா விழுந்துரும் போல."

"புறாவா?"

"புறாவுக்கு இப்டியா மூக்கு இருக்கும்? அரிவாள் மாதிரி வளஞ்சு, ஒரு சாண் இருக்கு."

"நேத்து தூங்குனியா இல்லையாடா நீ?"

"சத்தியமா மச்சான். வெளிய வந்து அண்ணாந்து பாருங்க."

மறைவிலிருந்து ஒரு மஞ்சள் தொப்பி வெளியே வந்து அண்ணாந்தது. அந்த உயரத்திலிருந்து மனுசன் எறும்புதான். ஆனாலும் மச்சான் நிற்கிற நிற்பு எனக்குத் தெரியும். வாக்கி கரகரத்தது.

"உங்கக்கா பாத்திருக்கணும்டா," என்றார். "இவ்ளோ பெரிய மூக்க வச்சுக்கிட்டு இது எப்டிங்க பொண்டாட்டிக்கு முத்தம் குடுக்கும்னு கேட்டிருப்பா."

சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படியேதான் கேட்டிருப்பாள், அதுவும் நாலு பேர் இருக்கிற இடத்தில். அவர் சிரிப்பு நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே போய், எங்கோ ஓர் இடத்தில் வேறு சத்தமாக மாறியது.

வாக்கியில் ஒருவர் பட்டனை அழுத்தியிருக்கும்வரை மற்றவர்கள் பேச முடியாது, கேட்கத்தான் முடியும். மச்சான் பட்டனை விடவில்லை. அழுத்தியிருப்பதே அவருக்குத் தெரியவில்லை. "பேசி முடிச்சா வெரல எடுங்கடா" என்று புது ஆட்களைத் திட்டுகிற மனுசன். வெல்டர், எலெக்ட்ரீசியன், கான்கிரீட் ஆட்கள், சூப்பர்வைசர், எல்லோருடைய இடுப்பிலும் இருந்து அவர் அழுதார். "தனியா கெடந்து செத்தாளேடா, நான் எங்கடா இருந்தேன், எங்கடா இருந்தேன்." நான் என் பட்டனை அழுத்தி மச்சான், மச்சான் என்று கத்தினேன். கூண்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது என் குரல். கொக்கியில் சாமான் மாட்டியிருக்கும்போது கிரேன்காரன் கூண்டை விட்டு இறங்கக்கூடாது. நான் இறங்கவில்லை. பறவை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

யாரோ ஓடிவந்து அவர் கையிலிருந்து வாக்கியைப் பிடுங்கியிருக்க வேண்டும். திடீரென்று சத்தம் நின்றது. "கிரேன், தூக்கு," என்றது சூப்பர்வைசர் குரல். தூக்கித் திருப்பினேன். பறவை சிறகை விரித்தது. காற்று அதை அள்ளிக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே கொண்டுபோனது. கூட்டம் போன திசை அது இல்லை.

சாயங்காலம் அறைக்குப் போனபோது மச்சான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருமா கேட்டாங்க?"

"ஆமா மச்சான்."

"நீயாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம்லடா."

"சொன்னேன் மச்சான். உங்களுக்குக் கேக்கல."

என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மச்சான் சூப்பர்வைசரிடம் கேட்டு வேறு சைட்டுக்கு மாற்றிக்கொண்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் வண்டியில் ஏறிப் போனார். சிக்னலுக்குப் புது ஆள் வந்தார். கம்பியைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.