போன வாரம் வேலை தேடினீர்களா?

யார் யாருக்கு வேலை இருக்கிறது என்று அரசாங்கக் கணக்கெடுக்க வந்த பெண்மணி மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு அப்பாவிலிருந்து தொடங்கினார்.

"சாருக்கு என்ன வேலை?"

"மில்லுல."

"போன வாரம் போனீங்களா?"

"மில்லே திறக்கலையேம்மா."

"மூடிட்டாங்களா?"

"மூடலை. திறக்கலை, அவ்வளவுதான்."

"உங்களை நிறுத்தினதா ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் எதுவும் சொல்லலை."

அவர் திரையைத் தட்டினார். "வேலையில இருக்கார். தற்காலிகமா போகலை."

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் சும்மாதான் இருக்கேன்," என்று அண்ணன் ஒளிக்காமல் சொன்னான். "ஃப்ரெண்டு சாப்பிடப் போறப்ப அவனோட செல்போன் கடையில கொஞ்ச நேரம் உக்காருவேன்."

"வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது வருமா?"

"தாராளமா வரும்."

"என்ன தருவார்?"

"டீ. மனசு வந்தா பிஸ்கட்டு."

"அதுவும் கூலிதான். நீங்களும் வேலையில இருக்கீங்க."

"கேட்டியாம்மா?" என்றான் அண்ணன்.

"கேட்டேன், கேட்டேன். பிஸ்கட் உத்தியோகம். வாயை மூடிட்டு இரு."

தன்னை வீட்டு வேலை என்று எழுதச் சொல்லிவிட்டு, அம்மா என்னைக் காட்டினாள். "இவ மைக்ரோபயாலஜி படிச்சிருக்கா. வேலை கிடைக்கலை. இவளையாவது வேலையில்லாதவள்னு போட்டுக்கோம்மா."

"போன வாரம் வேலை தேடினாங்களா?"

"தேடாம? வியாழக்கிழமை ஆனா அந்த ரத்தப் பரிசோதனை லேப்புக்குப் போய்க் கேட்டுட்டுதானே வரா."

"அவங்களே சொல்லட்டும் அக்கா."

வியாழக்கிழமைகளில் நான் போனது உண்மை. லேப்புக்குக் கண்ணாடிக் கதவு. வெளியே நின்று பரிசோதனைகளின் பெயர்ப் பலகையை மேலிருந்து கீழாகப் படிப்பேன். யாராவது முழங்கையை மடக்கி, பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தால் வழிவிடுவேன். பிறகு வீட்டுக்கு வந்து, ஆள் எடுக்கவில்லையாம் என்பேன்.

"போனேன்," என்றேன். "உள்ளே போகலை."

"வெளியில யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"இல்லை."

"நின்னது மட்டும்தானா?"

"ஆமா."

"நின்னா தேடினதா ஆகாதும்மா." குரலில் கடுமை இல்லை. "வேற எங்கேயாவது?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் தட்டினார். "வீட்டு வேலை பார்க்கிறாங்க. வேலை தேடலை."

"வீட்டு வேலையா, இவளா?" அண்ணன் சிரித்தான்.

அம்மா சிரிக்கவில்லை. "ஆள் எடுக்கலைன்னு சொன்னியேடி?"



அம்மா அவரிடம் திரும்பினாள். "வேலை வேணாம்னு இருக்கறவங்களோட இவளைச் சேக்காதேம்மா. இவளுக்கு வேலை வேணும். கேக்கத்தான் வராது."

"அதுக்கு இதுல இடம் இல்லை அக்கா."

கணக்கு முடிந்தது. வேலையில் இரண்டு பேர், வீட்டு வேலையில் இரண்டு பேர், வேலையில்லாதவர் யாரும் இல்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

அம்மா சமையலறைக்குள் போனாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பாத்திரச் சத்தம்கூட வரவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

லேப் கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. உள்ளே இருந்த பெண் இழுக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"ரிசல்ட் வாங்கவா?"

"இல்லை மேடம். இங்கே வேலை ஏதாவது இருக்கா?"

"போன வாரம்தான் ஒரு பொண்ணை எடுத்தோம். ஆள் தேவைன்னு கதவுலயே ரொம்ப நாளா ஒட்டியிருந்தோமே, பாக்கலையா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு வரலையா?"

"வந்தேன்," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, இப்போதைக்கு இடமில்லை என்று தெளிவாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு, வரும்போது இழுத்த கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வேலை இல்லையாம்," என்றேன்.

"உள்ளே போய்க் கேட்டுட்டுதான் சொல்றியா?"

"உள்ளே போய்த்தான். போன வாரம் வரைக்கும் இருந்துச்சாம்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போய் அப்பாகிட்ட சொல்லு," என்றாள். "வேலையில இருக்கார்னு அந்தம்மா சொன்னதுலேர்ந்து மனுஷர் ரொம்ப நிமிர்ந்து உக்காந்திருக்கார். வீட்டுல ஒருத்திக்காவது வேலை இல்லைன்னு தெரியட்டும்."