மூன்றாம் பக்கத்தில் தூக்கிய கை

அச்சகத்தில் பிழை திருத்துவது என் பிழைப்பு. எங்கள் நகர நலச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதுவது என் பெருமை. யார் என்ன சொன்னார், யார் குறுக்கே பேசினார், யார் டீயைக் குறை சொன்னார், ஒன்றையும் விடமாட்டேன். "அக்கா எழுதினா ஈ பறந்ததுகூட இருக்கும்" என்பார்கள். கேலி என்று தெரிந்தும் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

சங்கக் கூடத்தில் பகல் முழுக்கப் பத்துப் பேரைப் பார்த்துக்கொண்டோம். வயது வளர்ந்தும் மனசு வளராதவர்கள். அதில் ஒருவன் என் தம்பி, நாற்பத்திரண்டு வயது. காலையில் ஆயாம்மா பேர் கூப்பிட்டால் கை தூக்க வேண்டும். இவன் பேர் வருமுன்பே தூக்கிவிடுவான். "இன்னும் கூப்பிடலையே ராசா" என்று அவர் சிரிப்பார். அந்தக் கூடம் கிடைப்பதற்கு முன் பதினோரு வருஷம் அவனை வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். கதவின் உட்புறத்தில் அவன் நகக் கீறல் இன்னும் இருக்கிறது.

கூடம் நகராட்சியின் இடம். குத்தகையைப் புதுப்பிக்க, ஒன்பது உறுப்பினர்கள் கை தூக்கி நிறைவேற்றிய தீர்மானம் மாதம் முடிவதற்குள் வேண்டும். ஒரு காலத்தில் அறுபது பேர் இருந்த சங்கத்தில் இப்போது மிச்சம் சரியாக ஒன்பது. ஒன்பதாவது ஆள் எலக்ட்ரீஷியன். கூடத்துக்குக் கூலி வாங்காமல் ஒயர் இழுத்தவர். நிதி திரட்ட நாங்கள் கேக் விற்றபோது, விற்காததையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு போனவர். மூன்று மாதமாகப் படுத்த படுக்கை. அவகாசம் கேட்டு மனுப் போட்டேன். முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

உடம்புக்கு முடியாத உறுப்பினர் வீட்டில் கூட்டம் நடத்த எங்கள் விதியில் இடம் உண்டு. மாதத்தின் கடைசி நாள் மத்தியானம் எட்டுப் பேரும் அவர் கட்டிலைச் சுற்றி நின்றோம். அவருக்குப் பேச்சு போய்விட்டது, வலது கை மட்டும் மிச்சம்.

"ஊசி போட்டாச்சு. அரைமணி நேரந்தான் முழிச்சிருப்பார், சட்டுனு முடிச்சிடுங்க" என்றார் அவர் மனைவி.

தலைவர் மருந்துக்கடைக்காரர். விதி என்றால் எள்ளளவும் பிசகமாட்டார். "முதல்ல போன கூட்டத்துக் குறிப்ப வாசிங்கம்மா. அத ஏத்துக்காம தீர்மானத்துக்குப் போனா செல்லாதுன்னுடுவாங்க."

பதினான்கு பக்கம். சுருக்கி வாசித்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்குத்தான் மனசு வரவில்லை. நிதிக்கு மறுபடியும் கேக் விற்பதா, நடைப்பயணம் வைப்பதா என்று போன முறை மல்லுக்கட்டியதை வரிவரியாக வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில், எட்டுப் பேரில் ஒருவரான தையல்காரர் குறுக்கிட்டார். "நடந்தா யார் காசு தருவான்னு நான் எங்க சொன்னேன்?"

"சொன்னீங்க. எழுதியிருக்கேன்" என்றேன். என் எழுத்தையா சந்தேகப்படுவது?

அப்போதுதான் எலக்ட்ரீஷியன் கையைத் தூக்கினார்.

"பாருங்க, தூக்கிட்டார்!" என்றார் மனைவி.

"கொஞ்சம் இருங்கண்ணே, இன்னும் அந்தக் கட்டம் வரல" என்றார் தலைவர், தன்மையாகத்தான். தூக்கிய கை சிறிது நேரம் அப்படியே நின்றது. பிறகு போர்வைமேல் விழுந்தது. நான் நான்காம் பக்கத்தைப் புரட்டினேன்.

ஒன்பதாம் பக்கத்தில் குறட்டை கேட்டது. பதினான்கையும் முடித்தேன், குறிப்பு ஏகமனதாக ஏற்கப்பட்டது. தீர்மானத்துக்கு எட்டுக் கைகள் உயர்ந்தன. மனைவி அவர் கன்னத்தைத் தட்டினார். "என்னங்க, இப்ப தூக்குங்க. என்னங்க!" அவர் அசையவில்லை. "நான் வேணா அவர் கையப் பிடிச்சுத் தூக்கவா?"

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கை உயர்ந்தது என்று நான் ஒரு வரி எழுதினால் போதும், பொய்கூட இல்லை. ஆனால் அது மூன்றாம் பக்கத்தில் தூக்கிய கை. அத்தனை வருஷம் பிழை திருத்திய வாய், "அது செல்லாதும்மா" என்றது. பாவி, என் தம்பிக்கு நானே குழி வெட்டினேன்.

அவர் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். கூடத்துக்கு நகராட்சி பூட்டுப் போட்டது. அடுத்த கூட்டம் மருந்துக்கடையின் பின்னறையில். "மூன்றாம் பக்கம் வாசிக்கையில் எலக்ட்ரீஷியன் கை தூக்கினார். பொறுக்கச் சொல்லப்பட்டது" என்று வாசித்தேன். யாரும் திருத்தம் சொல்லவில்லை. ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போதும் தம்பி காலையில் தலை சீவிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவோடு தயாராகிவிடுகிறான். நான் செருப்பு மாட்டும்போது ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று கையைத் தூக்குகிறான்.

"கொஞ்சம் இருடா" என்று சொல்லிவிட்டு வெளியே பூட்டுகிறேன்.