இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

தியெங் மலைக்குப் போகும் வழியில், உங்காரான் மேட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பத்தடி நகர்வதும் நிற்பதுமாக ஒரு மணி நேரம் போயிருந்தது. ஒவ்வொரு முறையும் சுகிமன் இடது காலால் கிளட்சை முழுக்க அமுக்கினார். விடும்போது முட்டிக்குள் ஊசி ஏறியது. பின்னால் கல்யாண வீட்டார் வறுத்த சோயா டெம்பே தின்றுகொண்டிருந்தார்கள். எண்ணெய் வாசனையோடு அவர் முட்டியில் தேய்த்திருந்த தைலமும் மணத்தது.

"என்ன பாக், புது வண்டி வழுக்கிட்டுப் போவுது, நம்ம வண்டி இப்படி நொண்டுதே!" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. 'பாக்' என்று மரியாதை வைத்துத்தான் கேலி. எல்லாரும் சிரித்தார்கள்.

முன்னால் போன வெள்ளை வண்டியும் ஏழு பேர் உட்காரும் அதே மலிவு வேன்தான். ஆனால் ஆட்டோ கியர், கிளட்சே கிடையாது. ரெட்னோ ஓட்டினாள். அவள் இடது கால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு வேலையும் இல்லாமல் நீட்டிக் கிடக்கும் என்று நினைக்க நினைக்கச் சுகிமனுக்கு வயிறு எரிந்தது.

முதலாளியம்மா இபு ஹர்தினியிடம் அவர் பதினோரு வருஷமாக வாடகை வண்டி ஓட்டுகிறார். அடுத்து வாங்குவது ஆட்டோ கியராக இருக்கட்டும் என்று முட்டியைக் காட்டிக் கேட்டதே சுகிமன்தான். வாங்கினார்கள். சாவி, ஏழு மாதத்துக்கு முன் வேலைக்கு வந்த ரெட்னோவிடம் போனது.

"அவளுக்கு கிளட்ச் பழக்கமில்ல பாக். உங்களுக்கு எதக் குடுத்தாலும் ஓட்டுவீங்க," என்று முடித்துவிட்டார் இபு.

தியெங்கில் கல்யாணம் முடிந்து மறுநாள் மதியம் இறங்கினார்கள். வெள்ளை வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. வளைவுக்கு வளைவு பிரேக்கிலேயே இறங்கினாள். ஆட்டோ கியரானாலும் இறக்கத்தில் கியர்த் தண்டை 'எல்'லுக்கு, அதாவது சின்ன கியருக்குத் தள்ள வேண்டும் என்பது சுகிமனுக்குத் தெரியும். கிளம்பும்போதே சொல்லியிருக்கலாம். சாவி வாங்கத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா என்று இருந்துவிட்டார்.

கருகல் வாடை வந்தது. பிறகு முன் சக்கரத்தில் புகை. படட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த வண்டியின் பின்கண்ணாடியில் ஒரு கைக்குழந்தை உள்ளங்கையைப் பதித்திருந்தது. சுகிமன் ஹாரனை அழுத்தியபடி முந்திப் போய், கையை வெளியே நீட்டி, ஒரு பெட்டிக்கடை ஓரமாக அவளை ஒதுக்கினார்.

ரெட்னோ இறங்கி வந்தாள். "பெடல் உள்ள போயிட்டே இருந்துச்சு பாக்."

"ஏம்மா, எறக்கத்துல 'எல்'லுல போடணும்னு ஒருத்தரும் சொல்லலியா?"

"யாரு சொல்வா? சாவியக் குடுத்தாங்க, ஓட்டுன்னாங்க."

சக்கரம் ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அவள் காபி வாங்கிக் கொடுத்தாள். "இபுகிட்ட சொல்லிடாதீங்க. உங்களுக்கு மாசச் சம்பளம், காய்ச்சல்ல படுத்தாலும் வரும். எனக்கு ட்ரிப்பு போனாத்தான் காசு. உங்களப் பாத்து எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா?"

சுகிமன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சொல்ல மாட்டேன்மா," என்றார்.

மறுநாள் காலை முட்டி வீங்கிக் கிடந்தது. ஷெட்டில் வெள்ளை வண்டி பளபளவென்று நின்றது. இபு வாசலுக்கு வந்தார். "நேத்து ஒண்ணும் பிரச்சனை இல்லியே பாக்?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "பிரேக்கு கொஞ்சம் புகைஞ்சுது இபு. நான்தான் மறிச்சு நிறுத்துனேன். மலைக்கு அந்த வண்டி போகணும்னா பழகின கை வேணும்."

இபு உள்ளே போய்ச் சாவியோடு வந்தார். சுகிமனின் கை தானாக நீண்டது. இபு திரும்பி, வீட்டுக்குள் இருந்த மகனுக்குக் குரல் கொடுத்தார்: "பிமோ! இனிமே காலேஜுக்கு நீ இந்த வண்டியவே எடுத்துட்டுப் போ. புது வண்டிய மலையில எரிக்க என்னால முடியாது." பிறகு அவரிடம், "பழைய வண்டி இருக்கே பாக், மலைக்கு அதுவே போதும். இன்னிக்கும் தியெங்தான்."

எட்டு மணிக்கு வந்த ரெட்னோவிடம் இபு வாசலிலேயே, பிரேக் புகைந்தது தெரியும், வண்டி இனிப் பிமோவுக்குத்தான் என்றார், யார் சொன்னது என்பதை விட்டுவிட்டு. தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்றார். வந்ததற்குப் பிமோவின் வண்டியைக் கழுவிவிட்டுப் போகச் சொன்னார்.

சுகிமன் கால்சட்டைத் துணியைப் பிடித்து இடது காலைத் தூக்கி வைத்துப் பழைய வண்டியில் உட்கார்ந்தார். ரெட்னோ குந்தி உட்கார்ந்து முன் சக்கரத்தில் ஒட்டியிருந்த கருந்தூளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாண வீட்டுக்காரங்கதான் போட்டுக் குடுத்திருக்கணும் பாக்," என்றாள். "விடுங்க. உசிரு தப்பிச்சதே உங்களாலதான்."

அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டார். ரெட்னோ எழுந்து ஓடி, தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சோப்பு நுரை சொட்டும் கையை ஆட்டினாள்.

"வாங்க பாக், வாங்க… எடம் இருக்கு. வாங்க."