மூன்றாவது வரிசைச் சிரிப்பு

என் மாமனார் வில்ஃப்ரட் கூப்பிடாத இடத்துக்குப் போகிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கே இரண்டு தடவை ஆள் விட்டால்தான் தொப்பியை எடுத்துத் தலையில் வைப்பார். அப்படிப்பட்ட மனுஷர் வடக்கே கீத்லியிலிருந்து ரயிலேறி லண்டனுக்கு வந்து, ஸ்டுடியோ வாசலில், சர்ச்சுக்குப் போடுகிற கோட்டோடு வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிடலாமா என்று யோசித்தேன்.

"ஏவ்ரில், வா கண்ணு. நடிகன் பொண்டாட்டியும் வரிசையிலதான் நிக்கணுமா? தனி வாசல் கிடையாதா?"

"மாமா, உங்களுக்கு டிக்கெட் எப்படிக் கெடச்சுது? எல்லாம் தீர்ந்து போச்சுன்னு நெவில் சொன்னாரே."

"எங்கிட்டயும் அதைத்தான் சொன்னான். பாவம், அவனுக்கு வேலை மும்முரம். நானே கம்பெனிக்கு ஒரு கடுதாசி போட்டேன். ஸ்டாம்ப் ஒட்டின கவர் வெச்சா சும்மாவே அனுப்புறாங்க. அவன்கிட்ட மூச்சு விடாதே. எல்லாம் முடிஞ்சப்புறம் எதிர்ல போய் நின்னா அசந்து போயிடுவான்ல?"

அசந்துதான் போவான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிக்கெட் தீரவே இல்லை. இருக்கையை நிரப்ப ஆள் போதாமல் குரோய்டனிலிருந்து ஒரு தோட்டக்காரர் சங்கத்தையே பஸ் வைத்து அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். என் புருஷன் நெவில் தன்னைப் பெற்ற அப்பாவிடம் புளுகியதற்குக் காரணம் வேறு. அந்தக் காரணத்தின் பெயர் மிஸ்டர் பாப்ஜாய்.

'சாவி யாரிடம்?' என்று ஒரு புது நகைச்சுவைத் தொடர். அன்றைக்கு அதன் முதல் பகுதியைப் பதிவு செய்கிறார்கள். ஓர் ஆலையின் ஸ்டோர்ஸ், அதாவது கருவிக் கிடங்குதான் கதை நடக்கும் இடம். ஆட்கள் வந்து ஸ்பேனர் கேட்பார்கள், அரம் கேட்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற பாப்ஜாய், கொடுக்க மனசில்லாமல் கொடுப்பார். அந்தப் பாப்ஜாய்தான் நெவில். இரண்டு வருஷமாக வேலை இல்லாமல், டிசம்பர் வந்தால் கடையில் தாடி ஒட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தாவாக உட்கார்ந்திருந்த மனுஷனுக்குக் கிடைத்த வேஷம். ஒத்திகையில் அது சப்பென்று இருக்கிறது என்று தயாரிப்பாளர் ஹம்ஃப்ரி முகம் சுளித்ததும் நெவிலுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு நாள் எங்கள் சமையலறையில், பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தன் அப்பாவைப் போலவே நடித்துக் காட்டினான்; அதையே பாப்ஜாய்க்கும் வைத்துக்கொண்டான்.

மாமா கீத்லியில் ஒரு ஆலையில் ஸ்டோர்ஸ்காரர். சாவிக்கொத்து கழுத்தில் தொங்கும், ஆனாலும் இரண்டு பாக்கெட்டையும் தட்டித் தட்டித் தேடுவார். எந்திர இரைச்சலில் இடது காது போய்விட்டதால் வலது காதைக் கோழி மாதிரி சாய்த்துக் கேட்பார். எதைக் கையில் எடுத்தாலும் கோட்டுக் கையில் ஒரு தடவை துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கவுண்டரைத் தாண்டி அதை நீட்டும்போது அதனிடமே சொல்லுவார்: "போயிட்டு வா. பத்திரமா."

ஸ்பேனரிடம் மட்டும் இல்லை. நெவில் நடிக்கப் போகிறேன் என்று லண்டனுக்குக் கிளம்பிய அன்று ரயிலடியில் அவனுடைய காலரைத் தன் கோட்டுக் கையால் துடைத்துவிட்டு மாமா சொன்னதும் அதையேதான். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை நாங்கள் ஊரிலிருந்து கிளம்பும்போதும் கேட்டருகே நின்று அதைச் சொல்லித்தான் அனுப்புவார். அதிகம் பேசாத மனுஷர். அவர் பிள்ளைக்குக் கொடுக்கிற முத்தம், ஆசீர்வாதம் எல்லாமே அந்த மூன்று வார்த்தைதான்.

சமையலறையில் நெவில் ஒரு கரண்டியைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து அதைச் சொன்னபோது நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். வெட்கங்கெட்ட சிரிப்பு. என்னை நானே திட்டிக்கொண்டால் என்ன, செருப்பால் அடித்துக்கொண்டால்தான் என்ன.

"மாமா, உள்ளே ஒரே புழுக்கமா இருக்கும். வாங்களேன், எங்கயாவது சூடா சாப்பிட்டுட்டு, முடியற நேரத்துக்கு வரலாம்" என்று வரிசையிலேயே ஒரு முயற்சி செய்தேன்.

"சாப்பிடறதுக்கா கீத்லியிலேர்ந்து வந்தேன்? இந்தா, சாண்ட்விச் இருக்கு, நீ ஒண்ணு சாப்பிடு" என்று பாக்கெட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. சுற்றிலும் தோட்டக்காரர் சங்கம். மாமா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வலது காதை மேடைப் பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த அம்மாளிடம், "பழுப்புக் கோட்டுல வருவான் பாருங்க, அவனுக்காகத்தான் வந்தேன்" என்றார். நல்லவேளை, பிள்ளை என்று சொல்லவில்லை. இப்படி நான் நினைத்தேனே, அதுவும் ஒரு கேவலம்தான்.

நெவில் வந்தான். பாக்கெட்டைத் தட்டினான். கழுத்தில் சாவி தொங்கியது. கூட்டம் சிரித்தது, மாமாவும் சிரித்தார். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது போலிருக்கிறது. எடுபிடிப் பையனாக வேஷம் போட்டவன் வந்து, தடிமன் அளக்கிற மைக்ரோமீட்டர் கேட்டான். நெவில் காதைச் சாய்த்தான். மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் தன் தலையை மெதுவாக நேராக்கிக்கொண்டார்.

நெவில் மைக்ரோமீட்டரைக் கோட்டுக் கையில் துடைத்தான். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிரிய மனமில்லாத குரலில் சொன்னான்:

"போயிட்டு வா. பத்திரமா."

கொட்டகையே அதிர்ந்தது. குரோய்டன்காரர்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் மாமாவின் கை மட்டும் தெரிந்தது. அது சட்டைக் காலர் வரை போய், வேலை நாளில் சாவி தொங்குகிற இடத்தைத் தடவிவிட்டு மடிக்கு இறங்கியது.

அந்த நேரம் பார்த்து கவுண்டரின் மடக்குப் பலகை படாரென்று விழுந்து, காட்சி கெட்டது. எல்லாரும் அப்படியே நிற்க, தச்சர்கள் ஓடி வந்தார்கள். இப்படிக் கேமரா நிற்கிற நேரத்தில் கூட்டம் சோர்ந்துவிடாமல் சிரிக்க வைப்பதற்கென்றே ஒரு ஆள் உண்டு. அவன் பெயர் ரெக்ஸ். பளபளக்கிற கோட்டு, கையில் மைக்கு. சிரிக்காத முகத்தைத் தேடிப் பிடித்துச் சீண்டுவதுதான் அவன் பிழைப்பு. நேராக மூன்றாவது வரிசைக்கு வந்தான்.

"இதோ ஒரு பெரியவர். என்ன சார், பல்வலியா? இல்லை, வீட்டம்மா கூட வந்திருக்காங்களா?"

"அவரை விடுங்க" என்றேன்.

"பாத்தீங்களா, வந்திருக்காங்க" என்றான். கூட்டம் என்னையும் பார்த்துச் சிரித்தது. "எழுந்திரிங்க சார். கூச்சப்படாதீங்க."

மாமாவுக்கு யாரையும் மறுத்துப் பேசத் தெரியாது. எழுந்தார். பதற்றத்தில் அவர் கைகள் தாமாகவே இரண்டு பாக்கெட்டையும் தட்டின.

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அப்புறம் ஓவென்று இரைந்தது.

ரெக்ஸுக்கு லாட்டரி அடித்த மாதிரி ஆகிவிட்டது. "சார் என்ன வேலை பாக்கறீங்க?"

மாமா வலது காதை அவன் பக்கம் சாய்த்தார். மறுபடியும் இரைச்சல். "ஸ்டோர்ஸ்லங்க" என்றார்.

இதெல்லாம் முன்கூட்டியே பேசி உட்கார வைத்த ஆட்டம் என்று மொத்தக் கூட்டமும் முடிவு கட்டிவிட்டது. ரெக்ஸும் அப்படித்தான் நினைத்தான், ஹம்ஃப்ரி தனக்குச் சொல்லாமல் ஒரு ஆளை வைத்திருக்கிறார் என்று. "பேஷ், நீங்களே பேசுங்க" என்று மைக்கை மாமாவின் கையில் கொடுத்தான்.

மாமா அதை வாங்கி, கோட்டுக் கையில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

அப்படி ஒரு சிரிப்பை நான் என் ஜன்மத்தில் கேட்டதில்லை. கால்களைத் தரையில் உதைத்தார்கள். கை தட்டினார்கள். மாமா மைக்கைப் பிடித்தபடி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தான் என்ன தப்புச் செய்தோம் என்று தேடுகிறவர் மாதிரி இருந்தது அவர் முகம். பிறகு அவருக்கு விளங்கியது. விளங்கியதை நான் பார்த்தேன். மைக்கை ரெக்ஸிடம் நீட்டிவிட்டு, "மன்னிக்கணும்" என்று சொல்லி உட்கார்ந்தார். அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

மேடையில் நெவில் பழுப்புக் கோட்டோடு, கழுத்தில் சாவியோடு நின்றுகொண்டிருந்தான். எங்களையே பார்த்தான். அவன் போட்டிருந்த மேக்கப்பையும் மீறி முகம் வெளுத்திருந்தது.

"சரி மக்களே, அதே காட்சி மறுபடியும்" என்றான் ரெக்ஸ். "ஏற்கெனவே கேட்ட ஜோக்குத்தான். ஆனா இப்பத்தான் முதல் தடவை கேக்கற மாதிரி சிரிக்கணும். நீங்க சிரிக்கலைன்னா இது தேறாது, எங்க எல்லார் வீட்டிலயும் அடுப்பு எரியாது." அது அவன் எப்போதும் சொல்லுகிற வசனமாக இருக்கலாம். மாமா அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு, காதைச் சாய்த்துக் கேட்டார்.

நெவில் மறுபடியும் பாக்கெட்டைத் தட்டினான். பழைய சரக்கு, லேசாகத்தான் சிரித்தார்கள். மைக்ரோமீட்டரைத் துடைத்தான். தூக்கிப் பார்த்தான். தூக்கிய கையை இறக்காமல் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். ஹம்ஃப்ரி மேலே கண்ணாடி போட்ட கட்டுப்பாட்டு அறையில் எழுந்து நிற்பது தெரிந்தது. கடைசியில், பாடம் ஒப்பிக்கிற குரலில், "போயிட்டு வா. பத்திரமா" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. இருமல் சத்தம் ஒன்று கேட்டது.

அப்போது என் பக்கத்தில் மாமா சிரித்தார். பல் எடுப்பு என்று உதட்டைத் திறக்காமல் சிரிக்கிற மனுஷர் வாயைத் திறந்து, உரக்க, தனியாக, ஹா ஹா என்று சிரித்தார். தொடையில் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அதைக் கேட்டுக் குரோய்டன் சிரித்தது, கொட்டகை முழுக்கச் சிரித்தது. காட்சி தேறிவிட்டது. அவர் கண் மட்டும் பிள்ளையை விட்டு நகரவே இல்லை.

முடிந்ததும் ஸ்டுடியோ பாருக்குப் போனோம். மாமா வேண்டாம் என்றார், நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். நெவில் எங்களை நோக்கி வருவதற்குள் ஹம்ஃப்ரி பாய்ந்து வந்துவிட்டார்.

"இவர்தானா அது? நெவில், இவரை எங்கப்பா புடிச்சே? பிரமாதமான ஆளு. உன்னையே அச்சடிச்ச மாதிரி பண்றாரு."

நெவில் வாயைத் திறந்தான். பக்கத்தில் நடிகர்கள், கையில் கோப்பை, எல்லார் முகமும் அவன் பக்கம். 'என் அப்பா' என்பது இரண்டே வார்த்தை. அவன் உதடு அசைந்தது, நான் சத்தியம் செய்வேன்.

"நான் குரோய்டன் பஸ்ல வந்தேங்க" என்றார் மாமா. "தம்பி நல்லா நடிக்கிறாரு. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

சொல்லிவிட்டுத் தன் பிள்ளையின் கையைப் பிடித்து, ஊரார் குலுக்குகிற மாதிரி குலுக்கினார். நெவில் குலுக்கினான். "ரொம்ப நன்றிங்க" என்று கூடச் சொன்னான். நான் ஏன் சும்மா நின்றேன்? மளிகைக் கடைக்காரன் கொடுத்ததில் ஒரு முட்டை உடைந்திருந்தாலே தெருவைக் கூட்டிச் சண்டை போடுகிறவள் நான். அங்கே வாயில் கொழுக்கட்டை.

தொடர் எப்படி ஓடியது என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் சில்லறை கொடுக்கிற கண்டக்டர்கூட அந்த வசனத்தைச் சொன்னார். முதல் பகுதியில், எல்லாருக்கும் முன்னால் ஒரு சிரிப்பு தனியாகக் கேட்கும். வீட்டில் பார்க்கும்போது அந்த இடம் வந்ததும் நெவில் எழுந்து போய்க் கெட்டிலை அடுப்பில் வைப்பான். "அவர்கிட்ட போய்ப் பேசுங்க, பெத்தவர்தானே" என்று நான் கத்தினேன். "என்னன்னு பேசறது ஏவ்ரில்? அவரு ஒண்ணுமே சொல்லலையே" என்றான். அதுதானே கொடுமை.

கிறிஸ்துமஸுக்குக் கீத்லி போனோம். மாமா வான்கோழியை வெட்டிப் பரிமாறினார், புட்டிங்கில் பிராந்தி ஊற்றி நெருப்பு வைத்துக் கொண்டுவந்தார், தொலைக்காட்சியில் நெவில் வந்தபோது எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். பாக்கெட்டைத் தட்டவே இல்லை. நான் கொடுத்த கோப்பையைத் துடைக்கவும் இல்லை. ஒரு கை மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

கிளம்பும்போது கேட்டு வரை வந்தார். நெவில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் நின்றான். காலரைச் சரி செய்துகொள்ளாமல் நின்றான். எதற்காக நிற்கிறான் என்று மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எதிர் வீட்டு வாசலில் நின்றிருந்த புருஷனும் பெண்டாட்டியும் கையை ஆட்டி, "பாப்ஜாய், போயிட்டு வா! பத்திரமா!" என்று கூவிவிட்டுச் சிரித்தார்கள்.

மாமாவின் கை நெவிலின் காலரை நோக்கிப் பாதி தூரம் எழுந்திருந்தது. அதைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"குளிருது, கதவைச் சாத்திக்கறேன்" என்றார். "ரயிலுக்கு நேரமாச்சு பாருங்க."