கட்டம் போட்ட ஏப்ரன்

கிங்ஸ்ரன் றோட்டில், அப்பிள் பை என்கிற பழப் பணியாரம் சுட்டு விற்கிற கடையை எங்களுக்கு விற்ற வெள்ளைக்காரக் கிழவி, அடுப்போடும் மேசைகளோடும், சமைக்கும்போது உடுப்புக்கு மேலே கட்டுகிற இரண்டு ஏப்ரன்களையும் விட்டுவிட்டுப் போனாள். சிவப்பும் வெள்ளையுமாகச் சின்னக் கட்டம் போட்டு, ஓரத்தில் சுருக்கு வைத்துத் தைத்தவை. வருகிறவர்களில் பாதிப் பேர் பையைவிட ஏப்ரனைப் பார்க்கத்தான் வந்தார்கள். "என் அம்மாவும் இப்படித்தான் கட்டியிருப்பாள்" என்று ஆளுக்கு ஆள் கண்கலங்குவார்கள். என் அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சமைத்தவள். அதை நினைத்து இந்த ரொறன்ரோவில் எவர் கண்கலங்கப் போகிறார்?

இரண்டும் நைந்துபோனதும் நான் துணி வாங்கி ஆறு தைத்தேன். புதிதாகத் தெரியக்கூடாதென்று கொதிதண்ணீரில் திரும்பத் திரும்ப அவித்துச் சாயத்தை வெளிற வைத்தேன். பையும் நான்தான் சுட்டேன். ஆனால் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கடை முன்னுக்கு நின்று விற்றவள் கெல்லி. என் கணவர் ஸ்ரீதரன் சம்பளத்துக்கு வைத்த வெள்ளைக்காரப் பிள்ளை. அவளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

சொந்தக் கடையில் ஒருநாளாவது முன்னுக்கு நிற்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கேட்டால், "பாலேஸ், சனம் வாறது தங்கட பழைய காலத்தை நினைச்சு. உம்மைக் கண்டா அந்த நினைப்புக் குழம்பிடும்" என்பார். கல்யாணம் கட்டின புதிதில் என்னை ஊரெல்லாம் பெருமையாகக் கூட்டிக்கொண்டு திரிந்த மனிதர்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, இலை கொட்டுகிற காலத்தில், கடையைப் பற்றி எழுத ஒரு பத்திரிகைக்காரி வருவதாகச் சொன்னார்கள்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கு நானும் முன்னுக்கு நிக்கிறன்" என்றேன்.

"பாப்பம்" என்றார்.

அவருடைய 'பாப்பம்' எனக்குத் தெரியாததா? என்றாலும் தலைமயிரை இழுத்துச் சீவி, நல்ல ஏப்ரன் ஒன்றைக் கட்டிக்கொண்டு பின்பக்கக் குசினிக்குள் மாப் பிசைந்தபடி காத்திருந்தேன். அவர் கூப்பிடவேயில்லை. கெல்லியைப் படம் எடுத்து முடிந்தபிறகு பத்திரிகைக்காரி தானாகவே உள்ளே எட்டிப் பார்த்தாள். மாவுக் கையோடு நின்ற என்னைக் கண்டு சிரித்து, "இவர் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் வாய் திறக்க முன்னர் ஸ்ரீதரன் முந்திக்கொண்டார். "துப்புரவாக்க வருகிற பெண். இங்கிலீஷ் தெரியாது" என்று ஆங்கிலத்திலேயே சொன்னார்.

அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

சனிக்கிழமை பத்திரிகையில் கெல்லியின் படம் வந்தது. கடை திறக்க முன்னமே வாசலில் வரிசை. அவர் குசினிக்குள் ஓடிவந்தார்.

"பாலேஸ், கெதியா இன்னொரு இருபது பை போடும்!"

நான் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். "துப்புரவாக்க வாறவளுக்குப் பை சுடத் தெரியாது" என்றேன்.

"விசர்க் கதை கதைக்காதையும். அது வியாபாரத்துக்குச் சொன்னது."

"அப்ப முன்னுக்குப் போய் இவள்தான் என்ர மனிசி, இவள்தான் சுடுறவள் எண்டு சொல்லுங்கோ. உடனை போடுறன்."

அவர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வெளியே போய், இன்றைக்குப் பை முடிந்துவிட்டது என்று வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினார்.